இரண்டாம் முறை துடைத்த தரை

ஐயா அவர்களுக்கு,

மார்த்தாண்டம் அருகே வசிக்கிறோம். என் மகனுக்கு நான்கு வயது. எந்த வயதில் எந்த வீட்டுவேலை, தோட்டவேலை கொடுக்கலாம் என்று ஒரு பட்டியல் தர முடியுமா? இப்போதைக்குச் சுவரில் ஓர் அட்டை மாட்டி, வேலை செய்தால் நட்சத்திரம் ஒட்டுகிறேன். ஐந்து நட்சத்திரத்துக்குப் பத்து ரூபாய். ஆண்பிள்ளை கையில் வாரியலா என்று மாமியார் முகம் சுளிக்கிறார். அவன் துடைத்த தரையை அவன் தூங்கியபின் நானே மறுபடி துடைக்க வேண்டியிருக்கிறது. அதுவும் சிரமம்தான்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பட்டியல் இருக்கட்டும். மாமியாரையும் விடுங்கள். பேரன் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினால் அந்தச் சுளிப்பு போய்விடும். உங்கள் கடைசி வரிதான் என்னை எழுதவைத்தது. அவன் தூங்கிவிட்டான் என்று உங்களுக்கு யார் சொன்னது?

பூதப்பாண்டியில் ஆச்சி வீட்டு விளையில் தென்னையோலை விழுந்தால் எனக்குக் கொண்டாட்டம். ஆச்சி திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஓலையைக் கிழித்து, பிச்சாத்தியால் ஈர்க்கில் சீவுவாள். எனக்கு ஐந்து வயதிருக்கும். பிச்சாத்தி தரமாட்டாள், நகத்தால் கீறி இழுப்பேன். பாதி நடுவில் ஒடியும், மீதியில் பச்சை ஓலை ஒட்டிக்கொண்டிருக்கும். காயவைத்து வாரியல் கட்டும் நாளில், "மக்களே, உன்னுடையதையும் கொண்டு வா" என்று வாங்கித் தன்னுடையவற்றோடு கலந்து, அடியைத் தரையில் தட்டி மட்டமாக்கிக் கயிறு சுற்றினாள். என் குட்டை ஈர்க்கில்கள் நடுவே போயின. பிடி தடிக்க அவையும் வேண்டுமாம். மறுநாள் முற்றம் பெருக்க அதையேதான் எடுத்தாள். நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதே வருடம் ஓர் உறவினர் வீட்டில் நானே முற்றம் பெருக்கினேன். நல்ல பிள்ளை என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். மத்தியானம் பாயில் கண்மூடிக் கிடந்தபோது வெளியே சர், சர் என்று சத்தம். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? பிறகு அந்த வீட்டில் நான் வாரியலைத் தொட்டதில்லை. தலை நரைத்தும் அந்தச் சத்தம் போகவில்லை.

தரை அழுக்காகவே கிடந்தால்தான் என்ன, ஒரு ராத்திரி? மனம் கேட்கவில்லையென்றால் அவன் விழித்திருக்கும்போதே, "இந்த மூலை விட்டுப்போயிற்று, வா" என்று கூப்பிட்டுச் சேர்ந்து துடையுங்கள். திருட்டுத்தனமாகத் துடைக்காதீர்கள். பத்து வயதில் அவன் ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போடுவதில்லை என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

அந்தப் பத்து ரூபாய். வார்னெக்கன், டோமசெல்லோ என்று இரண்டு ஆய்வாளர்கள், ஜெர்மனியில் லைப்சிக் நகரில், 18 மாதக் குழந்தைகளின் முன்னால் துணி உலர்த்துவதுபோல் நின்று கிளிப்பைத் தவறவிட்டு, எட்டாததுபோல் கையை நீட்டிப் பார்த்தார்கள். பல குழந்தைகள் யாரும் சொல்லாமலே தத்தித்தத்தி வந்து எடுத்துக்கொடுத்தன. இது 2006-இல் வெளியானது. 2008-இல் வெளியான இன்னொரு சோதனையில் 20 மாதக் குழந்தைகள் சிலருக்கு, உதவியதற்குப் பரிசு கொடுத்தார்கள். பரிசை நிறுத்தியதும் அவர்கள், பரிசே வாங்காத குழந்தைகளைவிடக் குறைவாகத்தான் உதவினார்கள். உங்கள் மகன் கூப்பிடாமலே வந்தவன். அவனிடம் போய்க் கூலி பேசுகிறீர்களே! இன்றைக்கே அந்த அட்டையைக் கழற்றுங்கள்.

பட்டியல் கேட்டிருந்தீர்கள், இல்லையா? சக்கைக்கொட்டைக்கு, அதுதான் பலாக்கொட்டைக்கு, தோல் உரிக்கலாம், கறிவேப்பிலை உருவலாம், கோழிக்குத் தவிடு வைக்கலாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது வெயில் நாளில் மட்டும். நம் பக்கம் தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். நனைந்து நிற்கிற வெண்டைக்கு, பிள்ளைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று தண்ணீர் ஊற்றச் சொல்லாதீர்கள். அவனுக்குத் தெரிந்துவிடும்.