பிளேட்லெட் குடுத்தா உடம்பு வீக் ஆயிடுமா?

கேள்வி: டாக்டர், நான் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் குடுப்பேன். போன வாரம் பிளட் பேங்க்ல இருந்து போன் பண்ணி கேன்சர் வார்டுல ஒரு பொண்ணுக்கு பிளேட்லெட் வேணும், வர்றீங்களான்னு கேட்டாங்க. மெஷின்ல போட்டு எடுப்பாங்களாமே, உடம்பு தாங்காதுன்னு அம்மா பயப்படறாங்க. போகலாமா? – வாசகர், திருச்சி

பதில்: தாராளமா போங்க தம்பி. அந்த மெஷின் உங்க ரத்தத்தை கொஞ்சம் கொஞ்சமா இழுத்து பிளேட்லெட்டை, அதாவது ரத்தம் உறைய உதவுற தட்டணுவை மட்டும் பிரிச்சு எடுத்துட்டு சிவப்பணுவை எல்லாம் உங்களுக்கே திருப்பி அனுப்பிடும்னு அம்மாகிட்ட சொல்லுங்க. டியூப், ஊசி எல்லாம் ஆளுக்கு ஆள் புதுசு. ஒண்ணு ஒன்றரை மணி நேரம் ஆகும், நடுவுல உதட்டைச் சுத்தி லேசா சுருசுருன்னு இருக்கும், ரத்தம் உறையாம இருக்க சேர்க்கிற மருந்து கால்சியத்தை கொஞ்சம் இறக்கும், அதான், உடனே நர்ஸ்கிட்ட சொன்னா கால்சியம் மாத்திரை குடுப்பாங்க, சரியாயிடும். பையில சேர்றது சிவப்பா இருக்காது, வெளிர் மஞ்சளா இருக்கும், பார்த்துட்டு பயந்துடாதீங்க. போன பிளேட்லெட் சில நாள்ல உடம்புல திரும்ப ஊறிடும்.

டெங்கு சீசன்ல மட்டும்தான் நம்ம ஆளுங்களுக்கு பிளேட்லெட் ஞாபகம் வருது, எனக்கு இதுல ரொம்ப வருத்தம். கீமோ எடுக்கிற ரத்தப் புற்றுநோய் பிள்ளைங்களுக்கு வருஷம் பூரா வேணும், அவங்களுக்கு கவுண்ட், அதாவது பிளேட்லெட் எண்ணிக்கை, பத்தாயிரத்துக்கும் கீழ போயிடும், நார்மல்னா ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கணும். பல்லு தேய்ச்சாலே ஈறுல ரத்தம் நிக்காம வரும். முன்னாடியே எடுத்து அடுக்கி வைக்கலாம்னா, பிளேட்லெட்டை ஃப்ரிட்ஜ்ல வைக்க மாட்டாங்க, 20-24 டிகிரில ஆட்டிக்கிட்டே வைக்கணும், அப்படியும் 5 நாள்தான் தாங்கும். அதனாலதான் உங்களை மாதிரி ஆளுங்களுக்கு போன் வருது. சாதாரணமா ரத்தம் குடுக்கிறவங்க ஆறு பேர்கிட்ட இருந்து பிரிக்கிற பிளேட்லெட் அளவு உங்க ஒருத்தர்கிட்டயே மெஷின்ல கிடைச்சிடும்.

போறதுக்கு முன்னாடி வயிறு நிறைய சாப்பிடுங்க, தண்ணி நல்லா குடிங்க. கடைசி மூணு நாள்ல ஆஸ்பிரின் போட்டிருந்தா மறைக்காம சொல்லிடுங்க, அந்த பிளேட்லெட் சரியா வேலை செய்யாது. முதல்ல உங்க கவுண்ட், எடை, நரம்பு எல்லாம் பார்த்துட்டுத்தான் எடுப்பாங்க. யாராவது காசு தர்றோம்னு கூப்பிட்டா மட்டும் போகாதீங்க, 1998-ல இருந்தே நம்ம நாட்டுல காசுக்கு ரத்தம் குடுக்க தடை இருக்கு.