பீட்டில்ஸ் பாடல் வரிகளில் உண்மையிலேயே மறைபொருள் உண்டா?

பிரிட்டிஷ் இசைக்குழுவான பீட்டில்ஸின் ‘லூசி இன் த ஸ்கை வித் டைமண்ட்ஸ்’ போதை மருந்தைப் பற்றிய பாடல்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம் என்றும் இல்லை என்றும் சொல்ல இடமிருக்கிறது.

1967இல் பாடல் வெளிவந்ததுமே தலைப்பின் முதலெழுத்துகளைக் கூட்டி எல்.எஸ்.டி. என்ற போதை மருந்தின் பெயராகப் படித்துவிட்டார்கள். பாடலை எழுதிய பீட்டில்ஸ் உறுப்பினர் ஜான் லெனான் கடைசிவரை அதை மறுத்தார். அவருடைய மகன் ஜூலியன் உடன் படித்த லூசி என்ற சிறுமியை வரைந்து கொண்டுவந்தான். தலைப்பு அதிலிருந்து வந்தது. பாடலில் வரும் படகுக் காட்சி லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையிலிருந்து வந்தது. ஆனால் குழுவின் இன்னொரு பாடகரான பால் மெக்கார்ட்னி பின்னாளில் அந்த மருந்தின் சாயல் பாடலில் இருப்பதை ஒப்புக்கொண்டார். என்னைக் கேட்டால் இருவர் சொல்வதும் பொருந்தும்: தலைப்பு குழந்தையுடையது, காட்சிகளின் மயக்கம் அந்தக் காலத்துடையது.

எனவே பாடல் எப்போது எழுதப்பட்டது, எழுதியவர் அப்போது எதைப் படித்தார் என்பதை முதலில் பாருங்கள். முதலெழுத்து விளையாட்டில் தொடங்கினால் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில்தான் போய் முடியும்.

லெனானுக்கே இந்த ஆராய்ச்சி வேடிக்கையாக இருந்தது. லெனான் முன்பு படித்த பள்ளியில் பீட்டில்ஸ் வரிகளுக்கு வகுப்பில் பொருள் விளக்குகிறார்கள் என்று ஒரு மாணவன் கடிதம் எழுத, வேண்டுமென்றே குழப்பமான வரிகளை ‘ஐ ஆம் த வால்ரஸ்’ பாடலில் அடுக்கினார். அதற்கும் விளக்கங்கள் குவிந்தன. 1968இல் ‘கிளாஸ் ஆனியன்’ பாடலில், அந்த வால்ரஸ் (ஒரு கடல் விலங்கு) பால் மெக்கார்ட்னிதான் என்று பொய்த் துப்பு ஒன்றையும் போட்டுவைத்தார். அதையும் சிலர் நம்பினார்கள்.