காற்றடிக்கும் நாளில் நீந்தி ஓடுவது

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஸ்டாக்ஹோமில் வேலையில் இருக்கிறேன். நீச்சல் ஊர்க் கிணற்றில் பழகியது, இங்கே வந்தபின் நீச்சல் குளத்தில் முறையாகக் கற்றுக்கொண்டேன். செப்டம்பர் தொடக்கத்தில் இங்குள்ள தீவுக்கூட்டத்தில் நடக்கும் ஸ்விம்ரன் (தீவுக்குத் தீவு மாறி மாறி ஓடியும் நீந்தியும் போவது) போட்டி ஒன்றின் குறுகிய தூரப் பிரிவில் நானும் என் மச்சானும் இணையாகப் பெயர் கொடுத்திருக்கிறோம். மொத்தம் 15 கி.மீ. ஓட்டம், 3 கி.மீ. நீச்சல். ஒரே மூச்சில் நீந்த வேண்டிய அதிகபட்சத் தூரம் 700 மீட்டர்.

போன ஞாயிறு பயிற்சிக்குப் போனோம். அதற்கு முந்தைய வாரம் 18 டிகிரியாக இருந்த தண்ணீர் 11 டிகிரிக்கு வந்திருந்தது. மழை, காற்று வேறு. மூன்றாவது நீச்சல் முடிந்து கரையேறியபோது வெட்சூட்டின் (குளிர்நீரில் அணியும் இறுக்கமான ரப்பர் உடை) ஜிப்பை இழுக்கக்கூட விரல் வரவில்லை. மச்சான் நன்றாக நீந்துவான், ஓட்டத்தில் பின்தங்குவான். நான் நேர்மாறு. போட்டி நாளிலும் இதே வானிலை என்றால் இறங்கலாமா? அலையை எப்படிச் சமாளிப்பது? புதிதாக ஏதாவது வாங்க வேண்டுமா? எந்தக் கட்டத்தில் விலகிக்கொள்வது?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

இறங்கலாம். ஆனால் கவலைப்படும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் அலையை முதலில் கேட்கிறீர்கள், எனக்கு அந்த ஜிப்தான் கண்ணில் படுகிறது.

ஸ்விம்ரனில் உடம்புக்குச் சூடு தருவது பெரும்பாலும் உங்கள் வேகம். முழங்காலோடு வெட்டிய, மார்புப் பகுதியில் தடித்து கைகளில் மெலிந்த அந்த சூட், நிற்காமல் ஓடுகிறவருக்காகத் தைக்கப்பட்டது. கணுக்கால் பிசகி நடக்க ஆரம்பித்தால், பசியில் கால் தளர்ந்தால், கூட்டாளிக்காக ஈரப்பாறைமேல் ஐந்து நிமிடம் காற்றில் நின்றால் அதே சூட் போதாது. வானிலை மோசமான நாளில் செய்யும் ஏற்பாடெல்லாம் இந்த மந்தத்தைத் தவிர்க்கவும், தவிர்க்க முடியாவிட்டால் தாங்கவும்தான்.

முதலில் அந்த 11 டிகிரி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மழை பெய்து கடல் ஒரே வாரத்தில் ஏழு டிகிரி குளிர்வதில்லை. ஸ்வீடனின் கிழக்குக் கரையில் தென்மேற்குக் காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால், பூமியின் சுழற்சியால் மேல்நீர் காற்றின் வலப்பக்கமாக, அதாவது கரையை விட்டு வெளியே, நகர்கிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. இங்குள்ள பால்டிக் கடலில் இப்படி ஓரிரு நாளில் பத்து டிகிரி வரைகூட இறங்கும். (தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கன்னியாகுமரிக் கடல் குளிர்வதும் இதே விதத்தில்தான்.) எனவே போட்டி நாளின் வானிலையை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு முந்தைய மூன்று நாட்களில் காற்று எந்தத் திசையில் அடித்தது என்று பாருங்கள். வெயிலடிக்கும் அமைதியான காலையிலும் தண்ணீர் 11 டிகிரியாக இருக்கக்கூடும்.

ஸ்வீடன் வானிலை நிலையம் காற்றை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்லும். 14 மீட்டரைத் தொட்டால் கடலுக்குக் காற்று எச்சரிக்கை வரும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அதற்குக் கீழே என்று அசட்டையாக இருக்கவும் வேண்டாம். அலையின் உயரத்தைத் தீர்மானிப்பது காற்று தடையில்லாமல் எத்தனை தூரம் தண்ணீர்மேல் ஓடிவருகிறது என்பதும்தான். அதே 10 மீட்டர் காற்றில், தீவுகளுக்கு நடுவே ஒடுங்கிய கால்வாய் சிற்றலையோடு கிடக்கும். திறந்த கடலைப் பார்த்த இடைவெளியில் குட்டையும் செங்குத்துமான அலை அடுத்தடுத்து முகத்தில் அறையும். போட்டி வரைபடத்தை எடுத்து ஒவ்வொரு நீச்சலின் குறுக்கேயும் அன்றைய காற்றுக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். எத்தனை நீச்சல் இருந்தாலும் உண்மையில் கடினமானவை இரண்டோ மூன்றோதான் என்று தெரியும்.

அந்த இரண்டு மூன்றில் பக்கக்காற்று இருந்தால் கணக்கு இதுதான். 100 மீட்டருக்கு 2 நிமிடம் 10 விநாடி வேகத்தில் 700 மீட்டர் நீந்த ஏறக்குறைய 15 நிமிடம். நீரோட்டம் விநாடிக்கு வெறும் 10 செ.மீ. தள்ளினாலும் அந்த நேரத்தில் 90 மீட்டர் விலகிப்போவீர்கள். எதிர்க்கரைக் கொடியை நேராகப் பார்த்து நீந்தினால், தள்ளத் தள்ளத் திசையைத் திருத்தி, கடைசியில் காற்றுக்கு எதிராக நீந்திக்கொண்டிருப்பீர்கள். இறங்கும்போதே கொடிக்குக் காற்று வரும் பக்கமாக ஒரு மரத்தையோ வீட்டையோ குறிவையுங்கள். தலை தூக்கிப் பார்ப்பது அலையின் முகட்டில் இருக்கும்போது மட்டும். பள்ளத்தில் இருக்கும்போது தூக்கினால் தண்ணீர்ச் சுவர்தான் தெரியும், கழுத்துதான் வலிக்கும். மூச்சை அலை வராத பக்கம் இழுங்கள். ஒரே பக்கம் மூச்சு வாங்கிப் பழகியவருக்கு அந்தப் பக்கமே அலை வந்தால் குடிநீர்ப் பந்தல்தான். ஆகவே இப்போதிருந்தே இரு பக்கமும் பழகுங்கள். பால்டிக் நீரில் உப்பு ஆயிரத்துக்கு ஆறேழு பங்குதான், பெருங்கடலில் 35. கடல்தானே, தானாக மிதப்போம் என்ற எண்ணம் இங்கே எடுபடாது. காலில் ஷூவோடு நீந்துவதால் கால் தாழும். தொடைகளுக்கிடையே வைக்கும் மிதவையை எலாஸ்டிக் பட்டையால் தொடையோடு கட்டிவிடுங்கள். அலையில் நழுவினால் திரும்பக் கிடைக்காது. கையில் மாட்டும் துடுப்புத் தகடு பெரியதாக இருந்தால் காற்று நாளில் தோளுக்குக் கேடு. கையை முன்னே வீசும்போது காற்று அதைப் பிடித்துத் திருப்பும். ஒரு அளவு சிறியதை எடுத்துப்போங்கள்.

இனி குளிர். தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடல்சூட்டை இழுக்கும் என்பது படித்திருப்பீர்கள். ஆனால் முதல் இரண்டு நிமிட ஆபத்து சூடு போவதால் வருவதல்ல. தோல் சட்டென்று குளிர்ந்ததும் மூச்சு தன்னிச்சையாக உள்ளே இழுபடும், பிறகு நாய்போல இரைக்கும். அந்த நொடியில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் புரையேறும், பதறும். தொடக்கக் கோட்டுக்கு வருமுன் கழுத்திலும் முகத்திலும் தண்ணீரை அடித்துக்கொள்ளுங்கள், சூட்டின் கழுத்தை இழுத்து உள்ளே கொஞ்சம் விடுங்கள். இறங்கியதும் மூச்சை நீளமாக வெளியே ஊதுவதில் மட்டும் கவனம் வையுங்கள், வேகம் பிறகு. போட்டிக்கு முந்தைய வாரங்களில் ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம் குளிர்நீரில் நின்றாலே இந்த அதிர்ச்சி பாதியாகக் குறைகிறது. தனியாகப் போகாதீர்கள்.

அடுத்து விரல். உடம்பு தன் நடுப்பகுதியைக் காக்க முதலில் கைவிடுவது கைகளைத்தான். விரல் வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டே சாமானைத் தயார் செய்யுங்கள். ஜிப்பில் பத்து செ.மீ. நாடா ஒன்றைக் கட்டினால் முழுக்கையால் இழுக்கலாம். வழியில் சாப்பிடும் சர்க்கரை ஜெல் பாக்கெட்டுகளைக் கிழிக்க முடியாது. பல்லால் கிழித்தால் பாதி கடலுக்குப் போகும். நான்கு ஜெல்லையும் அமுக்கிக் குடிக்கக்கூடிய மெத்தென்ற குடுவை ஒன்றில் ஊற்றி மார்புப் பைக்குள் வையுங்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, அரைமணிக்கொரு முறை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும். நடுக்கமே சர்க்கரையை எரிக்கும் வேலை. சாப்பிடாமல் குளிரில் ஓடுகிறவர் இரட்டைச் செலவு செய்கிறார்.

வெயில் நாளில் ஓட்டத்தின்போது சூட்டை இடுப்புவரை கழற்றி விடுவார்கள். காற்று மழையில் அதைச் செய்யாதீர்கள். நீண்ட ஏற்றத்தில் வியர்த்தால் ஜிப்பைப் பாதி இறக்குங்கள், தண்ணீருக்கு 300 மீட்டர் முன்பே ஏற்றிவிடுங்கள். அங்கே விரல் இன்னும் சூடாக இருக்கும். போட்டித் தொப்பிக்கு அடியில் நியோப்ரீன் (வெட்சூட் தைக்கும் ரப்பர்) தொப்பி, கெண்டைக்காலுக்கு நியோப்ரீன் உறை, காதடைப்பான். நீங்கள் புதிதாக வாங்க வேண்டியவை இவ்வளவுதான், புது சூட் வேண்டாம். கூடவே, கட்டாயப் பட்டியலில் இல்லாவிட்டாலும், கைமுட்டி அளவுக்கு மடங்கும் காற்றுத்தடுப்பு ஜாக்கெட் ஒன்று. சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே மாதம் நடந்த மலை ஓட்டத்தில் ஆலங்கட்டியும் காற்றும் திடீரென்று வந்து 172 பேரில் 21 பேர் குளிரில் இறந்தார்கள். பலர் அரைக்கால் சட்டையில் இருந்தார்கள். காற்றுத்தடுப்பு அங்கே கட்டாயமாக்கப்படவில்லை. அவர்கள் நீந்தக்கூட இல்லை.

அடிபடுவது பெரும்பாலும் கரையேறும் இடத்தில். இங்குள்ள பாறைகளில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை ஓடும். அது பாசி, ஈரத்தில் சோப்பு போல. அதன்மேல் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறைக்கு இரண்டு கை தூரத்தில் ஒரு கணம் நின்று, அலை உங்களைத் தூக்கும்போது அதோடு போய் மார்போடு படுத்துக்கொள்ளுங்கள். அலை திரும்பி இழுக்கும்போது பிடித்துக்கொண்டு அசையாதிருங்கள். அடுத்த அலையில் நாலு காலில் தவழ்ந்து மேலே. துடுப்புத் தகட்டைக் கழற்றி மணிக்கட்டுக்குத் தள்ளிவிட்டு இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் பிடிமானம் இருக்காது. இறங்கும்போது உட்கார்ந்து சறுக்குங்கள். தலைகுப்புறப் பாய்வது எவ்வளவு ஆழமாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

நீங்களும் மைத்துனரும் ஒருவருக்கொருவர் நேர்மாறு என்றீர்கள். நல்ல இணை. 2002இல் நான்கு நண்பர்கள் இரண்டு இரண்டு பேராக இதே தீவுக்கூட்டத்தின் ஊட்டோ தீவிலிருந்து சாண்ட்ஹாம்ன் வரை பந்தயம் கட்டியதில்தான் இந்த விளையாட்டே பிறந்தது. போய்ச்சேர ஒரு நாளுக்கு மேல் ஆனது. 2006இல் அது ஓட்டில்லோ என்ற போட்டியானபோதும் இருவர் என்பது மாறவில்லை. தண்ணீரில் ஒருவருக்கொருவர் கண்காணிப்பாக இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நீச்சலில் அவர் முன்னால், ஓட்டத்தில் நீங்கள். இருவரையும் இணைக்க மூன்று மீட்டர் எலாஸ்டிக் கயிறு, ஒரே இழுப்பில் கழலும் கொக்கி. தட்டையான நீரில் கயிறு பெரும் உதவி. குட்டை அலையில் அது தளர்ந்தும் வெட்டி இழுத்தும் பின்னால் வருபவரின் தாளத்தைக் கெடுக்கும், அங்கே கழற்றிவிட்டு அருகருகே நீந்துங்கள். கரைக்கு இருபது மீட்டர் முன்பு எப்போதும் கழற்றுங்கள், பாறையிடுக்கில் சிக்கும். குளிர் நாளில் முன்னால் இருப்பவர் அரை வேகம் குறைத்துப் பின்னவரை ஓடவைப்பது நல்லது. அவர் நடக்க, நீங்கள் மேலே போய் நின்று காத்திருந்தால் இருவருமே குளிர்ந்துபோவீர்கள்.

விலகுவதைப் பற்றி இன்றைக்கே பேசி முடிவெடுங்கள். போட்டியின் நடுவே எடுக்கும் முடிவை எடுப்பது குளிர்ந்த மூளை. ஒவ்வொரு கரையேற்றத்திலும் இருவரும் கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுக் காட்ட வேண்டும். தொட முடியாதவர் அடுத்த நீச்சலுக்கு இறங்கக்கூடாது. ஓடிச் சூடேறி மீண்டும் தொட முடிந்தால் தொடரலாம். “நல்லா இருக்கியா?” என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “அடுத்த நீச்சல் எத்தனை மீட்டர்?” என்று கேளுங்கள். பதில் குழறினாலோ, கோபம் வந்தாலோ, இதுவரை நடுங்கியவர் சூடேறாமலே நடுக்கம் நின்றாலோ போட்டி அங்கேயே முடிந்தது. இருவருக்கும். அருகிலுள்ள தன்னார்வலரிடம் சொல்லிவிட்டு விலகுங்கள், சொல்லாமல் போனால் உங்களைத் தேடிப் படகு போகும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குள் இருந்தால் தண்ணீரில் இருக்கக்கூடாது. கடைசி இடிக்குப் பிறகு அரைமணி கழித்துத்தான் மறுபடி. அமைப்பாளர்கள் ஒரு நீச்சலை வெட்டிவிட்டால் காசு வீணாயிற்றே என்று முணுமுணுக்காதீர்கள். அவர்கள் யோசிப்பது உங்களைப் பற்றி அல்ல, கடைசியில் வரும் இணையைப் பற்றி.

முடிவுக் கோட்டில் சிலர் அசட்டையாகி விடுகிறார்கள். நின்றபிறகும் இருபது முப்பது நிமிடம் உள்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். கோட்டைத் தாண்டும்போது நன்றாக இருந்தவர் பதக்கத்தோடு படம் எடுக்கும்போது நடுங்கத் தொடங்குவது அதனால்தான். பையை அடுக்கும்போது முதலில் தேவைப்படுவதை மேலே வையுங்கள்: கம்பளித் தொப்பி, துண்டு, தளர்வான மேல்சட்டை, பிறகு கால்சட்டை, காலுறை. பொத்தான் வைத்த எதுவும் வேண்டாம். ஃபிளாஸ்க்கில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ. கைகாலைத் தேய்த்துவிட வேண்டாம், மதுவும் வேண்டாம். சவுனா (வியர்க்க உட்காரும் சூடான அறை) அங்கே பக்கத்திலேயே இருக்கும், கூட்டமும் அதில்தான் போய் விழும். நடுக்கம் நின்று, உடை மாற்றி, டீ இறங்கி, தானாகச் சூடு திரும்பிய பிறகு போங்கள். நேராக அதற்குள் நுழைந்தால் தோலின் ரத்தக்குழாய்கள் ஒரேயடியாக விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும், வாசலிலேயே மயங்கி விழலாம். யாராவது பேச்சுக் குழறி, நடுக்கமும் நின்று, தள்ளாடினால் நடக்க வைக்காதீர்கள். படுக்கவைத்துப் போர்த்தி, அவசர உதவி எண் 112க்கு அழையுங்கள்.

அன்புடன்.