கேள்வி – பதில்: டக்காரை விட்டுக் கிளம்பிய பிரெஞ்சுப் படை

கேள்வி: பிரெஞ்சுப் படையை ஆப்பிரிக்க நாடுகள் வரிசையாக வெளியேற்றுகின்றன. ராணுவ ஆட்சியாளர்களும் ரஷ்யாவும் தூண்டிவிடுவதுதானே இது?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். செனகலைப் பாருங்கள். அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடிக்கவில்லை. 2024 மார்ச்சில் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த அதிபர் பசிரு தியோமாயே ஃபாய்தான், நாட்டின் இறையாண்மைக்கும் அந்நியப் படைத்தளத்துக்கும் ஒத்துவராது என்றார். 2025 ஜூலை 17-ல் தலைநகர் டக்காரில் இருந்த கடைசி முகாமையும் ஒப்படைத்துவிட்டு பிரான்ஸ் கிளம்பியது. பிரான்ஸிடமிருந்து சுதந்திரம் கிடைத்ததோ 1960-ல். அறுபத்தைந்து வருஷம்!

அந்த ஜனங்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. டக்காருக்கு வெளியே தியாரோய் என்று ஒரு முகாம். இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸுக்காகச் சண்டை போட்டு, ஜெர்மானியரிடம் பிடிபட்டு, வருஷக்கணக்கில் சிறைமுகாமில் கிடந்து திரும்பிய ஆப்பிரிக்க வீரர்கள், அங்கே தங்கள் சம்பள பாக்கியைக் கேட்டார்கள். 1944 டிசம்பர் 1 காலையில் பிரெஞ்சு ராணுவம் அவர்களைச் சுட்டது. செத்தது 35 பேர் என்றது பிரான்ஸ், அப்புறம் அது 70 ஆயிற்று, ஆய்வாளர்கள் சிலர் முந்நூறுக்கும் மேல் என்கிறார்கள். அதைப் படுகொலை என்று ஒரு பிரெஞ்சு அதிபர் எழுத 80 வருஷம் பிடித்தது.

கேள்வி: மாலி மக்களே 2013-ல் பிரெஞ்சுப் படையை வரவேற்றார்களே, அப்புறம் ஏன் மாறினார்கள்?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: உண்மைதான். தீவிரவாதிகள் பிடியிலிருந்து வட மாலியின் திம்புக்டு நகரம் மீண்டபோது பிரெஞ்சுக் கொடியை ஆட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். ஆனால் வந்த படை ஒன்பது வருஷம் இருந்தும் தாக்குதல் ஓயவில்லை, நடு மாலிக்கும் பக்கத்து நாடுகளுக்கும் பரவியது. 2021 ஜனவரி 3-ல் பூன்டி கிராமத்துக்குப் பக்கத்தில் பிரெஞ்சு விமானங்கள் குண்டு போட்டன. கூடியிருந்தது கல்யாணக் கூட்டம், செத்த 22 பேரில் 19 பேர் சாதாரண ஜனங்கள் என்று ஐ.நா. விசாரித்துச் சொன்னது. தீவிரவாதிகளைத்தான் அடித்தோம் என்று பிரான்ஸ் சாதித்தது. கல்யாண வீடு எழவு வீடான அந்த ஊர்க்காரர்கள் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்கள், சொல்லுங்கள்?

அதற்காக பிரெஞ்சுப் படைக்குப் பதிலாக ரஷ்யர்கள் வந்ததை விடிவு என்று நான் சொல்லமாட்டேன். 2022 மார்ச்சில் மூரா கிராமத்தில் மாலி ராணுவமும் கூட வந்த அந்நிய ஆட்களும் குறைந்தது 500 பேரைக் கொன்றதாக ஐ.நா. அறிக்கை சொல்கிறது, அந்த அந்நியர்கள் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை என்பதே பரவலான குற்றச்சாட்டு. விசாரிக்கப் போன குழுவை மாலி அரசு அந்த ஊருக்குள் விடவே இல்லை.