விளக்கு கண் சிமிட்டினால் சென்சார் கெட்டுவிட்டதா?

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் 12 வீடுகள். காவலாளி வாசல் விளக்குகளைக் காலை ஒன்பது மணி வரை அணைப்பதில்லை என்பதால், இருட்டினால் தானே எரியவைக்கும் கருவி ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். இப்போது இரவு முழுவதும் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்கிறது. கடைக்காரர் இதை ‘போட்டோ செல்’ என்கிறார். எலக்ட்ரீஷியன் ‘டே நைட் சென்சார்’ என்கிறார். அட்டையில் ‘எல்டிஆர் சுவிட்ச்’ என்று இருக்கிறது. மூன்றும் ஒன்றுதானா? பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, நங்கநல்லூர்

பதில்: கடைக்குப் போவதற்கு முன் வாசலில் நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். விளக்கின் வெளிச்சம் நேரே விழும் இடத்தில்தான் கருவியை மாட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இருட்டியதும் விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சத்தையே விடியல் என்று எண்ணிக் கருவி அணைத்துவிடுகிறது. அணைந்ததும் மறுபடி இருட்டு, மறுபடி வெளிச்சம். பாவம், அது தன் வேலையைத்தான் செய்கிறது.

இரவில் விளக்குக்கும் கருவிக்கும் நடுவே ஓர் அட்டையை மறைப்பாகப் பிடிக்கச் சொல்லுங்கள். சிமிட்டல் நின்றால் கருவி நலம், இடம்தான் தவறு. திறந்த வானம் தெரியும்படி, விளக்கின் பின்புறமோ பக்கவாட்டிலோ மாற்றிவிடுங்கள். பகலில் இன்னொரு சோதனை: கறுப்புத் துணியால் மூடி ஒரு நிமிடம் பொறுங்கள். மின்னலுக்கும் கார் விளக்குக்கும் ஏமாறாமல் இருக்கச் சற்றுத் தாமதித்து இயங்கும்படி பல கருவிகளை அமைத்திருப்பார்கள். அதன் பிறகும் எரியவில்லை என்றால், இணைப்பைச் சரிபார்த்துவிட்டுக் கருவியைச் சந்தேகிக்கலாம்.

இணைப்பை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் வீட்டு வயரிங்கில் கறுப்பு என்றால் நியூட்ரல். இந்த மூன்று வயர் கருவிகள் பலவற்றில் கறுப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், சிவப்பு விளக்குக்குப் போவது. பழக்க தோஷத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மேலே ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து, மெயினை அணைத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

பெயர்களுக்கு வருவோம். பேச்சு வழக்கில் மூன்றும் ஒன்றுதான். கறாராகச் சொன்னால், எல்டிஆர் என்பது உள்ளே இருக்கும் சின்ன வில்லை. மின்னணுச் சாமான்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் தனியாகக் கேட்டால் ஒரு டீக் காசுக்குக் கிடைக்கும். அதில் பாம்புபோல் வளைந்திருக்கும் கோட்டில் காட்மியம் சல்பைடு பூசியிருப்பார்கள். இருட்டில் அதன் மின்தடை பல லட்சம் ஓம், நல்ல வெயிலில் சில நூறு ஓம். இந்த ஏற்ற இறக்கத்தை வைத்து, ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் விளக்கை இயக்குகிறது. 1873இல் வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்கச் செலீனியம் தண்டுகளைப் பயன்படுத்தியபோது, வெளிச்சம் பட்டால் அவற்றின் மின்தடை குறைவதைக் கண்டறிந்தார். தந்தி போய்விட்டது, அந்தக் குணம் உங்கள் வாசலில் வேலை செய்கிறது. காட்மியம் நச்சு உலோகம் என்பதால் இப்போது சிலிக்கானால் ஆன போட்டோ டயோடு, போட்டோ டிரான்சிஸ்டர் வகைகள் அதன் இடத்தைப் பிடித்துவருகின்றன. கைபேசித் திரை வெயிலில் தானாகப் பளிச்சிடுவதும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் நாடித் துடிப்பைக் காட்டுவதும் இந்த வகைகளால்தான்.

பில்லில் உள்ள அந்த வாசகத்துக்குப் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். கடைக்காரர் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். ஆனால் அட்டைச் சோதனையை முடித்துவிட்டு அழையுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சென்னையில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் சுமார் ஒரு மணி நேரம்தான் முன்பின்னாகும். நேரம் வைத்து இயங்கும் டைமரே பல அடுக்ககங்களுக்குப் போதும். சென்சாரின் அருமை ஐப்பசி, கார்த்திகையில் தெரியும். மாலை நான்கரைக்கே மேகம் கவிந்து இருட்டினால் டைமருக்கு அது தெரியாது.

கேள்வி: ஆள் வந்தால் எரியும் என்று மாடிப்படிக்கு ஒரு விளக்கு வாங்கினேன். இரவில் எரிகிறது, பகலில் எரிவதே இல்லை. எங்கள் மாடிப்படி பகலிலும் அரை இருட்டு.
– வாசகர், பெரம்பூர்

பதில்: ஆளைக் காண்பது வேறு உணரி. அது உடல் வெப்பத்திலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரின் அசைவைப் பிடிக்கிறது. கூடவே ஒளி உணரியும் உள்ளே உட்கார்ந்துகொண்டு, பகலில் ‘வேண்டாம்’ என்று தடுக்கிறது. அடியில் சூரியன், பிறை படம் போட்ட சிறு திருகு இருக்கிறதா பாருங்கள். சூரியன் பக்கம் திருப்பினால் பகலிலும் எரியும். திருகு இல்லாத மலிவு வகை என்றால் மாற்ற வழியில்லை. சித்திரை வெயிலில் சில நேரம் ஆளைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அதுவும் பழுதல்ல. காற்றின் சூடு உடல் சூட்டை நெருங்கும்போது அதற்கு வித்தியாசம் தெரிவதில்லை.

கேள்வி: டிவி ரிமோட்டைப் பத்து முறை அழுத்தினால்தான் கேட்கிறது. கெட்டது ரிமோட்டா, டிவியில் உள்ள சென்சாரா?
– வாசகர், தாம்பரம்

பதில்: கைபேசியின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் நுனியை அதற்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் ஊதாவாகவோ வெள்ளையாகவோ ஒரு பொட்டு பளிச்சென்று மின்னினால் பெரும்பாலும் ரிமோட் நலம். மங்கலாகத் தெரிந்தால் பேட்டரியை மாற்றுங்கள். அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் டிவியின் அடிவிளிம்பில் இருக்கும் கண்ணைத் துடைத்துவிட்டு, புதிதாக வாங்கிய சவுண்ட்பார் அதை மறைக்கிறதா என்று பாருங்கள்.