ஆசிட் ஊற்றியும் பி.எச். இறங்கவில்லையே, ஏன்?

கேள்வி: துபாயில் இருக்கும் என் தம்பி, அம்மாவின் மூட்டு வலிக்காக ஒரு ஹாட் டப் (உள்ளே உட்காரும் சுடுதண்ணீர்த் தொட்டி) வாங்கி அனுப்பினான். மொட்டை மாடியில் வைத்திருக்கிறோம், 1,200 லிட்டர் பிடிக்கும். நிரப்புவது எங்கள் போர் தண்ணீர்தான். பி.எச். 8.2, அல்கலினிட்டி 260 என்று டெஸ்ட் கிட் காட்டுகிறது. காலையில் ஆசிட் போட்டு 7.4-க்கு இறக்கினால், அம்மா சாயங்காலம் உட்கார்ந்து எழுவதற்குள் திரும்ப 8-ஐத் தாண்டிவிடுகிறது. தண்ணீர் பால் மாதிரி கலங்குகிறது. கிருமிக்காக பிளீச்சிங் பவுடர் போடுகிறோம். என்னதான் செய்வது?
– வாசகர், கீழக்கரை

பதில்: முதலில் ஒன்று கேட்டுவிடுகிறேன். 1,200 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 1.2 டன், அந்த இடத்தில் மாடி தாங்குமா என்று இன்ஜினியரிடம் காட்டினீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே காட்டுங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் பி.எச். எண்ணை மட்டும் பார்த்து ஆசிட் ஊற்றுகிறீர்கள், ஆனால் அதை மேலே இழுத்துக்கொண்டே இருப்பது அந்த 260, அதாவது அல்கலினிட்டி, ஆசிட்டை எதிர்த்து நிற்கும் பைகார்பனேட் போன்ற உப்புகளின் அளவு. நம் கரையோரத்து போர் தண்ணீர் பல இடங்களில் சவர் தண்ணீர், அதில் பைகார்பனேட்டும் கால்சியமும் நிறையவே கரைந்திருக்கும். ஆசிட் விழுந்ததும் பைகார்பனேட்டில் ஒரு பகுதி கார்பன் டை ஆக்ஸைடாக மாறித் தண்ணீருக்குள்ளேயே கரைந்து நிற்கிறது, அது நிற்கும்வரை பி.எச். 7.4 காட்டும். சாயங்காலம் சூடும் ஏறி, காற்றுக் குமிழியும் போட்டதும், மூடி திறந்த கோலிசோடா மாதிரி அந்த வாயு எல்லாம் வெளியே போய்விடுகிறது, பி.எச். கிடுகிடுவென்று ஏறிவிடுகிறது. ஆசிட் வீணாகவில்லை, ஒவ்வொரு தடவையும் அல்கலினிட்டியில் கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு மறுபடி போர் தண்ணீரையே ஊற்றினால் குறைந்தது திரும்ப வந்து சேரும்.

அதனால் முதலில் அல்கலினிட்டி, அப்புறம்தான் பி.எச். 80-க்குப் பக்கத்தில் கொண்டு வந்துவிட்டால் பி.எச். தானாகவே அடங்க ஆரம்பிக்கும். 1,000 லிட்டரில் 10 பி.பி.எம். (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) குறைக்க ட்ரை ஆசிட், அதாவது சோடியம் பைசல்பேட், ஏறக்குறைய 25 கிராம் வேண்டும். உங்கள் தொட்டிக்கு 260-லிருந்து 80 வர மொத்தம் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஒரே மூச்சில் கொட்டிவிடாதீர்கள், பி.எச். 7-க்குக் கீழே போனால் ஹீட்டரின் உலோகத்தை அரித்துவிடும். ஒரு தடவைக்கு 50, 60 கிராம் போதும். பக்கெட் தண்ணீரில் கரைத்து, மோட்டார் சுற்றும்போது ஊற்றுங்கள். அப்புறம் மூடியைத் திறந்து வைத்துக் குமிழியை ஓட விடுங்கள். பி.எச். ஏறும், ஆனால் அல்கலினிட்டி ஏறாது. ஏறியதும் அடுத்த 50 கிராம். இப்படியே ஆசிட், குமிழி, ஆசிட், குமிழி என்று பொறுமையாக இறக்குங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் இந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பேன். ஆசிட் அல்கலினிட்டியைக் குறைக்கும், கால்சியத்தைத் தொடவே தொடாது. சுடுதண்ணீரில் கால்சியம் கார்பனேட் கரையாமல் பிரிந்து வெளியே வரும், உங்கள் பால் கலங்கல் அதுவாகத்தான் இருக்கும். ஹீட்டர் கம்பியைக் கழற்றிப் பார்த்தால் சொரசொரவென்று வெள்ளையாகப் படிந்திருக்கும். பிளீச்சிங் பவுடரிலும் கால்சியம்தான், கிணற்றுக்கு அது சரி, இந்தத் தொட்டிக்குள் இன்றோடு நிறுத்துங்கள். டைகுளோர் என்ற குளோரின் குருணை வாங்கிக்கொள்ளுங்கள், குளோரின் 3 பி.பி.எம்-க்குக் குறையாமல் இருக்கட்டும். பி.எச். 7.5-ல் குளோரினில் பாதிதான் வீரியமான வடிவில் இருக்கும், 8-ல் கால் பங்குதான், எனவே பி.எச். கெட்டால் மருந்தும் கெட்ட மாதிரிதான். ஆசிட்டையும் குளோரினையும் மட்டும் ஒரே பக்கெட்டில் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

தொட்டியைக் காலி செய்துவிட்டு, லாரியில் வரும் நல்ல தண்ணீரைப் பாதி கலந்து நிரப்புங்கள். லாரித் தண்ணீர் 80 என்றால் கலவை 170-ல் நிற்கும், அரைக் கிலோ ஆசிட் கால் கிலோவாகிவிடும். மொட்டை மாடிதானே, ஐப்பசி கார்த்திகையில் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது, அதில் அல்கலினிட்டியும் கால்சியமும் இல்லாத மாதிரிதான்.

டெஸ்ட் செய்யும்போது ஒரு கவனம். அல்கலினிட்டிக்குப் பச்சை சிவப்பாக மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும், பெரும்பாலான கிட்டில் ஒரு சொட்டுக்கு 10 பி.பி.எம். வெள்ளைத்தாளை பின்னால் பிடித்துப் பாருங்கள். குளோரின் போட்ட கையோடு பார்த்தால் பி.எச். சாயம் ஊதாவாகிப் பொய் சொல்லும்.

அம்மாவுக்குச் சூடு 40 டிகிரிக்கு மேல் வேண்டவே வேண்டாம், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு உட்கார வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஹோம்ஸ்டே தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான். 1,000 லிட்டர். அல்கலினிட்டி 20. பி.எச். ஒரு நாள் 6.6, சலவை சோடா போட்டால் மறுநாள் 8.4. பிடிபடவே மாட்டேன் என்கிறது.
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: உங்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. பி.எச்-ஐப் பிடித்து நிறுத்த அந்தத் தண்ணீரில் ஒன்றுமே இல்லை, அதனால் சிட்டிகை போட்டாலும் ஆடுகிறது. சலவை சோடா பி.எச்-ஐத் தூக்கியடிக்கும். உங்களுக்கு வேண்டியது ஆப்பசோடா. 1,000 லிட்டரில் 10 பி.பி.எம். ஏற 17 கிராம், 20-லிருந்து 80 வர 100 கிராம் போதும். பாதியைப் போட்டு, சில மணி நேரம் சுற்ற விட்டு, அளந்து பார்த்துவிட்டு மீதி.

கேள்வி: கடல் தண்ணீரையே சூடாக்கி நிரப்பினால் என்ன? பைசா செலவில்லையே.
– வாசகர், மண்டபம்

பதில்: வேண்டாம். கடல் தண்ணீரின் பி.எச். 8.1 வாக்கில், அல்கலினிட்டி 115, 120 இருக்கும், அதுகூடப் பெரிதில்லை. ஆனால் கடினத்தன்மை (கரைந்த கால்சியம், மெக்னீசியத்தின் அளவு) 6,000-க்கும் மேலே, உப்பு லிட்டருக்கு 35 கிராம். சாதாரண ஹீட்டரும் மோட்டாரும் அதற்காகச் செய்தவை அல்ல, துருப்பிடித்துப் போகும்.