தோளை வெட்டும் வார்: ஸ்போர்ட்ஸ் பிரா பற்றி வாசகியர் கேள்விகள்

முதுகில் நாலைந்து மெல்லிய வார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஸ்போர்ட்ஸ் பிரா இப்போது மட்டக்களப்பிலும் கல்முனையிலும் தாராளமாக விற்பனைக்கு வருகிறது. அதன் அளவு, இறுக்கம், வியர்வை பற்றி வந்த கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில் தருகிறோம். எழுதியவர்களின் ஊர் மட்டும் போடுகிறோம், பெயர் போடவில்லை.

கேள்வி: காலையில் கல்லடிக் கடற்கரையில் முக்கால் மணித்தியாலம் நடக்கிறேன். சட்டை எல் சைஸ் என்பதால் வார் வைத்த ஸ்போர்ட்ஸ் பிராவும் எல் சைஸிலேயே வாங்கினேன். இருபது நிமிசத்தில் தோள் எரிகிறது, கழுத்தடி இழுக்கிறது. வாரை இறுக்கிப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. மெல்லிய வார் எனக்கு ஒத்துவராதா அக்கா? (கல்லடி)

பதில்: வாரைக் குறை சொல்ல முன்னர் அடிப்பட்டியைப் பாருங்கள், சகோதரி. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது லூஸாக இருக்கிறது.

மார்புக்குள் அதைத் தூக்கிப் பிடிக்கும் தசை கிடையாது. தோலும், கூப்பர் இழைகள் எனப்படும் மெல்லிய நார்களும்தான் தாங்குகின்றன. எனவே பாரத்தை வெளியிலிருந்து ஏந்த வேண்டும். ஏந்துவது மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றிப் பிடிக்கும் பட்டி. தோள் வாரின் வேலை, மார்பு முன்னால் விலகாமல் உடம்போடு அணைத்து வைப்பது. பட்டி தளர்ந்தால் முன்பக்கம் கீழே இறங்கும், பின்பக்கம் முதுகில் மேலே ஏறும், பாரம் முழுவதும் வாரில் தொங்கும். வாரை இறுக்க இறுக்கப் பின்பட்டி இன்னும் மேலே இழுபடுகிறது. மோசமானதற்குக் காரணம் அதுதான். சாதாரண பிராவின் வார் 2 சென்ரிமீற்றர் அகலம் என்றால் உங்களுடையது 1 சென்ரிமீற்றர்கூட இராது. அதே பாரம் பாதி அகலத்தில் இறங்கினால் தோளில் அழுத்தம் இரட்டிப்பாகும். அதனால், பட்டி பிழைத்தால் மற்றெந்த வகையையும்விட இந்த வகை கூடுதலாக நோகடிக்கும்.

கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பட்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள், பட்டி மார்பின் மேல் ஏறக்கூடாது. பின்பட்டியின் கீழே இரண்டு விரல் நுழையலாம், முழுக் கையும் போனால் அது உங்கள் அளவில்லை. ஆழமாக மூச்சிழுத்தால் விலாவில் குத்தவும் கூடாது.

அளவெடுப்பது இப்படி. பிரா இல்லாமல் நின்று, மூச்சை வெளியே விட்டு, மார்புக்குச் சற்றுக் கீழே நாடாவை இறுக்கமாகச் சுற்றுங்கள். முதுகில் நாடா சரியாமல் யாராவது பிடித்தால் நல்லது. பிறகு, பொருத்தமான மெல்லிய பிராவைப் போட்டுக்கொண்டு மார்பின் நிறைந்த இடத்தை நாடா அழுத்தாமல் அளவுங்கள். கீழளவு 34 அங்குலம், மேலளவு 37 என்றால் வித்தியாசம் 3. இந்த வித்தியாசம்தான் கப் அளவு: ஓர் அங்குலத்துக்கு ஏ, இரண்டுக்கு பி, மூன்றுக்கு சி, நாலுக்கு டி. எனவே உங்கள் அளவு 34 சி. கீழளவோடு 4 அங்குலம் கூட்டும் பழைய கணக்கு ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இழுபடாத துணியில் பிரா தைத்த காலத்துக்கு அது சரி. இன்றைய இலாஸ்ரிக் பட்டிக்கு அதைப் போட்டால் உங்களுக்கு 38 என்று வரும், பட்டி முதுகில் தொங்கும்.

எஸ், எம், எல் என்று மட்டும் போட்டிருந்தால் சட்டை சைஸை மறந்துவிட்டு, லேபிளில் உள்ள கீழளவைப் பார்த்து எடுங்கள். புதிதைப் போட்டதும் வாரை முழு நீளத்துக்கு விடுங்கள். முதலில் பட்டியைச் சரியான இடத்தில் இருத்தி, பிறகு வாரை வாருக்கடியில் ஒரு விரல் தாராளமாக ஓடும் அளவுக்கு மட்டும் சுருக்குங்கள்.

கேள்வி: அபாயாவுக்குள் போட்டுக்கொண்டு பின்னேரத்தில் நடக்கிறோம். மார்புக்குக் கீழே எந்நேரமும் வேர்த்து, சிவந்து, கடிக்கிறது. முதுகு திறந்த வார் மொடல் போட்டால் குறையுமா? (காத்தான்குடி)

பதில்: முதுகில் குறையும், மார்புக்குக் கீழே குறையாது. அங்கே எல்லா மொடலிலும் பட்டி ஒன்று இருக்கத்தான் போகிறது. அந்தப் பட்டியின் உள்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். சிலதில் இலாஸ்ரிக் நேரடியாகத் தோலில் படும், சிலதில் அதன் மேல் மெல்லிய துணி மூடியிருக்கும். உங்களுக்கு மூடியதுதான் வேண்டும். தையல் மடிப்பு தடித்து நின்றால் அதுவும் உரசும், விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.

பருத்தி குளிர்ச்சி என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டில் இருக்க அது சரி. நடக்கும்போது பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஈரத் துணி ஒரு மணித்தியாலம் தோலில் தேயும். நைலோன் அல்லது பொலியெஸ்ரரோடு எலாஸ்தேன் எனப்படும் இழுபடும் இழை கலந்த மெல்லிய துணி சீக்கிரம் காயும். ஆனால் மேலே போடும் அபாயா காற்றுப் போகாத தடித்த பொலியெஸ்ரராக இருந்தால் உள்ளே எதைப் போட்டும் பலனில்லை. நடைக்கென்று மெல்லிய, அகலமான அபாயா ஒன்றை ஒதுக்கி வையுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உப்பு தோலில் காய்ந்து அரிக்கும், மாரியில் ஈரம் போகவே போகாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: வீட்டுக்கு வந்தவுடன் கழற்றிவிட்டு, கழுவி, மார்பின் மடிப்பை ஒற்றித் துடைத்துக் காயவிடுங்கள். தேய்க்க வேண்டாம்.

சிவப்பு பளபளத்து, ஓரத்தில் சின்னச் சின்னப் பருக்களோடு பரவினால் அது பூஞ்சணமாக இருக்கலாம். வைத்தியரிடம் காட்டுங்கள். பார்மசியில் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் கிறீமைப் பூசினால் கடி அடங்கியது போலத் தெரியும், உள்ளே பூஞ்சணம் பரவிக்கொண்டிருக்கும்.

கேள்வி: மகளுக்கு 14 வயது, பாடசாலை வலைப்பந்து அணியில் இருக்கிறாள். தோழிகள் போடுகிறார்கள் என்று இந்த வார் பிராவைக் கேட்கிறாள். விளையாட இது போதுமா? (களுவாஞ்சிகுடி)

பதில்: போதாது. லேபிளில் லோ இம்பெக்ட் என்று இருந்தால் யோகா, நடை, உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி, இவ்வளவுக்குத்தான் அது. வலைப்பந்தில் குதித்துப் பந்தைப் பிடித்து, வந்து விழுந்து, அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அந்தக் குலுக்கத்தை மெல்லிய வார் பிடிக்காது. ஸ்போர்ட்ஸ் பிரா பிறந்ததே இந்தக் கஷ்டத்தில்தான். 1977இல் அமெரிக்காவின் வேர்மண்ட் மாநிலத்தில் லிசா லிண்டால், பொலி ஸ்மித், ஹிண்டா மில்லர் ஆகிய மூன்று பெண்கள், ஓடும்போது படும் வேதனைக்கு வழி தேடி, ஆண் வீரர்கள் போடும் ஜொக்ஸ்ட்ராப் இரண்டை இணைத்துத் தைத்து முதல் மாதிரியைச் செய்தார்கள். ஓடும்போது மார்பு மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் அசைகிறது.

மகளுக்கு ஹை இம்பெக்ட் என்று போட்டது வாங்குங்கள்: அகலமான வார், அகலமான பட்டி, மேலே கழுத்துப் பக்கம் மூடியிருக்க வேண்டும். போட்டுக்கொண்டு பத்துத் தரம் குதிக்கச் சொல்லுங்கள். நோவோ பெரிய ஆட்டமோ இருந்தால் வேண்டாம். அது கிடைக்கும்வரை, அளவான சாதாரண பிராவுக்கு மேலே இந்த வார் பிராவைப் போட்டு விளையாடலாம். இறுக்கத்துக்காக ஒரு சைஸ் சின்னதை மாட்டிவிடாதீர்கள், மூச்சு முட்டும். வளரும் வயது, நாலு மாதத்துக்கு ஒரு தரம் அளந்து பாருங்கள். பிரா போட்டால் வளர்ச்சி நின்றுவிடும் என்று சொல்பவர்களின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆனால் தோழிகளைப் போல அழகானதும் வேண்டும் என்று பிள்ளை ஆசைப்படுவது நியாயம். வார் பிராவை வீட்டு யோகாவுக்கு வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: பயிற்சி முடிந்து வேர்வையோடு கழற்ற முடியாமல் வாருக்குள் கை மாட்டிக்கொள்கிறது. போன கிழமை இழுத்ததில் பக்கத் தையல் 'படக்' என்று விட்டுப்போனது. (அக்கரைப்பற்று)

பதில்: ஈரத் தோலில் துணி ஒட்டுகிறது, பட்டி சுருண்டால் கயிறு போல இறுகுகிறது. சுருள விடாமல் கழற்றுவதில்தான் எல்லாம் இருக்கிறது. விசிறிக்குக் கீழே இரண்டு நிமிசம் நின்று ஆறுங்கள். பட்டியை முன்பக்கம் இரு கையாலும் உடம்பிலிருந்து நன்றாக வெளியே இழுத்துப் பிடித்து, அந்த இடைவெளியோடேயே மார்புக்கு மேலே கொண்டு வாருங்கள். பிறகு ஒரு முழங்கையை மடித்து, வாருக்குள்ளால் கையை எடுங்கள். அடுத்தது மற்றக் கை. தலை கடைசி. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரே இழுவையில் எடுக்கப் போனால்தான் மாட்டும்.

போடும்போது, கட்டிலில் முதுகுப் பக்கம் மேலே தெரிய விரித்து, வார்கள் முறுகாமல் பிரித்துவிட்டு, எந்த ஓட்டை தலைக்கு, எது கைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடுப்பு சின்னதென்றால் பாவாடை போலக் காலால் ஏற்றுவது இன்னும் இலகு. தோள்மூட்டு நோ உள்ளவர்கள் முதுகில் கொழுக்கி வைத்ததை வாங்க வேண்டும்.

விட்டுப்போன தையலை நேர்த்தையலில் அடிக்காதீர்கள். துணி இழுபடும், நூல் இழுபடாது, அடுத்த தரமும் அறும். பொலியெஸ்ரர் நூல், இழுபடும் துணிக்கென்று விற்கும் மொட்டை முனை ஊசி 11ஆம் இலக்கம், அகலம் 3 மில்லிமீற்றர் வரும் சிக்சாக் தையல். தைக்கும்போது துணியை இழுத்துப் பிடிக்க வேண்டாம், அலை அலையாக வந்துவிடும்.

கேள்வி: அறுகம்பையில் கடலில் இறங்கவும் இதையே போடுகிறேன். ஆறு மாதத்துக்குள் தளர்ந்துவிட்டது. உள்ளே வைத்த ஸ்பொஞ்சும் மடிந்து கட்டியாகிவிட்டது. (பொத்துவில்)

பதில்: உப்பும் வெயிலும் எலாஸ்தேனைச் சாகடிக்கும். கடலால் வந்த கையோடு நல்ல தண்ணீரில் அலசுங்கள். வீட்டுக் கிணறு உவர்த் தண்ணீர் என்றால் கடைசி அலசலுக்காவது குழாய்த் தண்ணீர் ஒரு வாளி பிடித்து வையுங்கள். இளம் சவர்க்காரம், பச்சைத் தண்ணீர், கையால் கசக்கல். புளீச்சும் துணி மென்மையாக்கியும் வேண்டாம், அயர்ன் பெட்டி கிட்டவே வரக்கூடாது. முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுற்றி அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் காயப்போடுங்கள். கொடியில் வாரால் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தில் வார் நீளும், பட்டியை மடித்துப் போடுங்கள். ஸ்பொஞ்சைத் துவைக்க முன்னர் பக்க ஓட்டையால் எடுத்துவிட்டு, காய்ந்த பின் கூர்ப்பக்கம் மேலே வரச் செருகுங்கள். பெரிய அலைக்கு இந்த பிரா போதாது, முதுகு முழுவதும் மூடிய நீச்சல் உடுப்பு எடுங்கள்.

கேள்வி: குழந்தைக்கு ஐந்து மாதம், பால் கொடுக்கிறேன். யோகா தொடங்க இதைப் போடலாமா? (செங்கலடி)

பதில்: போடலாம், அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலத்துக்கு. பால் கொடுத்துவிட்டுப் போடுங்கள், முடிந்ததும் கழற்றுங்கள். வாரோ தையலோ மார்பின் மேல் ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கே பால் கட்டும். வழமையைவிட ஒரு சைஸ் கூட எடுங்கள். மார்பில் சிவந்த, நோகும் கட்டியும் காய்ச்சலும் வந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள். குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடைகளில் போட்டுப் பார்க்க அறை இல்லை, விற்பவர்களும் ஆண்கள். கூச்சத்தில் கையில் கிடைத்ததை வாங்கி வந்து ஏமாறுகிறோம். (வாழைச்சேனை)

பதில்: உங்கள் கூச்சம் எங்களுக்கு விளங்குகிறது. அளவை ஒரு துண்டில் எழுதிக் கையில் நாடாவோடு போங்கள், யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பிராவை மேசையில் விரித்துப் பட்டியை ஒரு பக்க ஓரத்திலிருந்து மறுபக்க ஓரம்வரை இழுக்காமல் அளந்து இரண்டால் பெருக்குங்கள். கொழுக்கி இல்லாத மொடலில் அது உங்கள் கீழளவைவிட ஏறக்குறைய 5, 6 அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். 32 உள்ளவருக்கு 26, 27. அதே அளவு 31 வந்தால் ஒரு மாதத்தில் தொங்கும். பிறகு பட்டியை இழுத்துப் பாருங்கள், தோளைத் தாண்ட வேண்டுமே, 40 அங்குலத்துக்காவது சிரமமில்லாமல் விரிய வேண்டும். பத்து விநாடி இழுத்துப் பிடித்து விடுங்கள். உடனே பழைய அளவுக்குத் திரும்பினால் இலாஸ்ரிக் நல்லது, அலை அலையாக நின்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

75 பி, 80 சி என்று சென்ரிமீற்றரில் போட்டு வருவதும் உண்டு: 70 என்பது 32, 75 என்பது 34, 80 என்பது 36. காசு கொடுக்க முன்னர், லேபிள் கழற்றாமல் அடுத்த நாள் மாற்றலாமா என்று மட்டும் கேளுங்கள். வீட்டில் மெல்லிய உள்சட்டைக்கு மேலே போட்டு, கையைத் தூக்கி, முன்னால் குனிந்து, இடுப்பைத் திருப்பிப் பாருங்கள். குனியும்போது மேலால் பிதுங்கினால் கப் சின்னது, கப்பில் துணி சுருங்கி நின்றால் பெரியது.